நாகைக் கடற்கரையில் நான்கு நாள்

வடபால் கொள்ளிடமும் தென்பால் காவிரியும் ஓட, இடையே அமைந்த தீவில் இருப்பது எங்கள் ஊராகிய திருவானைக்காவல். ஐம்பூதத் தலங்களுள் இது நீர்த்தலம். சம்புகேசுவரர் கோயிலின் கருவறையிலே இன்றும் நீர் ஊறுகின்றது. இத்தகைய ஊரிற் பிறந்த பிள்ளைகள் நீரைப் பற்றித் தமக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணுவது இயல்பேயாகும். ஆனால், கோடையில் காவிரி வெறும் மணற்பரப்பாகக் கிடக்கும். சென்ற மே மாதத்தில் அம்மணலிற் பந்தாடிச் சலித்த என் மக்கள் இருவரும், "இவ்வாண்டு எங்களைக் கடலுக்கு அழைத்துச் செல்லுங்கள், அப்பா" என்று வற்புறுத்தத் தொடங்கினர். மகனுக்கு வயது 11, மகளுக்கு 7.

என் அன்னையார் இதற்கு இசையவில்லை. "ஆற்றுக்கு மறுகரை உண்டு, கடலுக்கு மறுகரை ஏது? கொடைக்கானலுக்குப் போய் வாருங்கள்" என்றார். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைச் செய்தியைக் கேட்ட நாள் முதலாக, கடல் என்னும் சொல்லைக் கேட்டாலே அவர் முகம் வாடிவிடும். என் மனைவியின் தமக்கையார் நாகப்பட்டினத்தில் ஆசிரியையாக இருக்கின்றார். அவர் வீட்டில் தங்குவோம் என்று கூறிய பிறகே அன்னையார் ஒருவாறு விடை கொடுத்தார். "கரையில் நின்று பார்க்கட்டும், இறங்குவது உன் பொறுப்பு" என்று என்னிடம் தனியே சொன்னார். அச்சொல் பயணம் முழுவதும் என் மனத்தில் இருந்தது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சை, திருவாரூர் வழியாக நாகைக்குப் புகைவண்டி செல்கின்றது. வழி நெடுகப் பாலங்கள். பாலத்தின் கீழே நீரில்லை. பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்து, பின்பு எண்ணிக்கையை மறந்து உறங்கிவிட்டனர். 1930-ஆம் ஆண்டு ஏப்பிரலில் இராசாசியும் தொண்டர்களும் உப்பெடுப்பதற்காகத் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தே சென்றனர். அவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆயிற்று. நாங்களோ சில மணி நேரத்தில் கடற்கரையை அடைந்துவிட்டோம்.

நாகை பழைய துறைமுகம். பன்னாட்டார் வந்து தங்கிய ஊர். போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் இதனை 1658-இல் கைப்பற்றினர். 1690-இல் பழவேற்காட்டிலிருந்த தம் சோழமண்டலத் தலைமையிடத்தை இங்கே மாற்றினர். இக்கரையில் நெய்த துணிகளை வாங்கிக் கீழைத்தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்கே விளையும் நறுமணப் பொருள்களைப் பெறுவது அவர்தம் வாணிகம். அவர்கள் கட்டிய கோட்டைக்கு 'ஐம்புலன்' என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தனர். 1781-இல் ஆங்கிலேயர் இவ்வூரைக் கைப்பற்றினர். கோட்டை இன்று இல்லை. அவர்கள் காலத்துத் தேவாலயம் ஒன்றும் கல்லறைகள் சிலவுமே எஞ்சியுள்ளன.

அக்கல்லறைகளைக் கண்டு திரும்புகையில், "இவர்கள் ஊரிலும் கடல் உண்டா?" என்று மகள் கேட்டாள். கடல் உண்டு என்று சொல்லி நிறுத்தினால் அது பாதி விடையே ஆகும். அவர்கள் நாட்டின் பெயருக்கே தாழ்ந்த நிலம் என்பது பொருள். அந்நாட்டு நிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கின்றது. கடலைத் தடுப்பன கரையோரத்து மணற்குன்றுகளும் மனிதர் எழுப்பிய அணைகளுமே. 1932-இல் கட்டி முடித்த ஓர் அணை 32 கிலோமீட்டர் நீளமுள்ளது. அவ்வளவு காவல் இருந்தும், 1953-ஆம் ஆண்டு பிப்பிரவரி முதல் நாள் விடியற்காலையில் வடகடல் பொங்கிக் கரைகளை உடைத்தது. 1,836 பேர் மாண்டனர். அதன் பின்னரே அவர்கள் முகத்துவாரங்களை அடைக்கும் பெரும்பணியை மேற்கொண்டனர். அப்பணி முற்றுப்பெற 1997 ஆயிற்று.

அவர்கள் பிள்ளைகளை வளர்க்கும் முறை எனக்கு அணைகளைவிட வியப்பளிப்பது. கோடையில் அந்நாட்டுக் குடும்பங்கள் தம் கடற்கரைகளில் வந்து குழுமும். கூட்டத்தில் குழந்தைகள் வழி தவறாதிருக்க, பல கரைகளில் இடைவெளிவிட்டுக் கம்பங்கள் நட்டிருப்பர். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு படம் இருக்கும். எழுத்தறியாத குழந்தையும் தன் பெற்றோர் எந்தப் படத்தின் அருகே இருக்கின்றனர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம் அன்றோ? மேலும், பெரும்பாலான பெற்றோர் பிள்ளைகளை நீச்சல் தேர்வு எழுத வைக்கின்றனர். எழுதுவது என்றது வாய்தவறிய சொல்லன்று. அது பள்ளித் தேர்வுபோலவே சான்றிதழ் தருவது. அத்தேர்வில் பிள்ளைகள் சட்டையும் காலணியும் அணிந்தவாறே நீந்திக்காட்ட வேண்டும். தவறி நீரில் விழுபவர் நீச்சலுடை அணிந்து விழுவதில்லையே! இதனைக் கேட்ட என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாட் காலையில் பெரியம்மாவுடன் கடற்கரைக்குச் சென்றோம். மணலில் அடும்பங்கொடி ஊதாநிறப் பூக்களோடு படர்ந்திருந்தது. அதனருகே முட்பந்து போன்ற ஒன்று காற்றில் உருண்டோடியது. பிள்ளைகள் அதனைத் துரத்தினர். "அது இராவணன் மீசை. பிடித்து விளையாடுங்கள், ஆனால், வேரோடு நிற்கும் செடியைப் பிடுங்காதீர்கள்" என்றார் பெரியம்மா. அப்புல்லும் அடும்பும் மணலைப் பற்றி நிறுத்தி, மணல்மேடுகளை வளர்ப்பவை. 2004-இல் உயர்ந்த மணல்மேடுகள் அழியாதிருந்த இடங்களில் பல, அலையின் வேகத்தினின்று தப்பின. டச்சு நாட்டினர் தம் மணற்குன்றுகளில் இத்தகைய புல்லைக் கையால் நட்டு வளர்க்கின்றனர். நமக்கோ நடாமலே வளர்கின்றது. நாம் அதன்மேல் வண்டியை ஓட்டுகின்றோம்.

அன்று மாலை மகன், "பெரியம்மா, அலை வந்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டான். என் மனைவி அவனைத் தடுக்க முயன்றார். ஆனால் தமக்கையார், "கேட்கட்டும், தம்பி, கேட்காமல் வளர்வதுதான் கெடுதி" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"அன்று ஞாயிற்றுக்கிழமை. காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். கடல் வருகிறது, கடல் வருகிறது என்று மக்கள் எதிரே ஓடிவந்தனர். கடல் எப்படி வரும் என்று ஒரு நொடி நின்றேன். அந்த ஒரு நொடியை இன்றும் நினைக்கின்றேன். ஒரு மூதாட்டி என் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினார். அவர் யார் என்பது எனக்குத் தெரியாது. பின்பு நான் அவரைக் காணவுமில்லை."

சுமத்திராத் தீவின் அருகே காலை ஆறரை மணியளவில் கடலடியில் நிலம் நடுங்கிற்று. நாகைக் கரையை அலை தாக்கியபோது மணி ஒன்பதை ஒட்டியிருந்தது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், சொல்வார் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அந்நாளில் எச்சரிக்கை அமைப்பே இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் பேரிழப்புக்கு உள்ளாயின. ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது 2007-இல்.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், மாய்காவ் கடற்கரையில், விடுமுறைக்கு வந்த ஆங்கிலக் குடும்பம் ஒன்று உலாவிக்கொண்டிருந்தது. அக்குடும்பத்துச் சிறுமி டில்லி ஸ்மித்துக்கு வயது 10. நீர் நுரைத்துப் பொங்கி, திரும்பிச் செல்லாமல் மேலும் மேலும் கரையேறுவதை அவள் கண்டாள். இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் ஆசிரியர் சொல்லித் தந்தது அவள் நினைவுக்கு வந்தது. பெற்றோர் முதலில் நம்பவில்லை. அவள் விடாமல் கூவினாள். தந்தை காவலரிடம் சொல்ல, கரையிலிருந்த ஏறத்தாழ நூறு பேர் அகன்று உயிர் பிழைத்தனர். இதனைச் சொன்னபோது மகன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "எங்கள் புத்தகத்தில் அந்தப் பாடம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அப்பா?" என்று கேட்டான்.

சுமத்திரா என்ற பெயர் நாகைக்குப் புதிதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சிரீவிசய நாட்டை ஆண்ட மன்னர் அத்திசையிலிருந்தே இங்கே சூடாமணி விகாரம் எழுப்புவித்தார். முதலாம் இராசராச சோழர் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தார். அக்கொடையைக் கூறும் 21 செப்பேடுகள் டச்சுக்காரர் காலத்தில் கடல் கடந்து சென்று, லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. விகாரம் கட்டுவித்தவர் நாடும் அலை புறப்பட்ட இடமும் ஒரே திசையில் இருப்பதை வரைபடத்தில் காட்டினேன். "அப்படியானால் கடலுக்கும் மறுகரை இருக்கிறது, பாட்டியிடம் சொல்ல வேண்டும்" என்றாள் மகள்.

இனி, இறக்குவதா வேண்டாவா என்னும் வினா எஞ்சி நின்றது. கடலைக் காட்டிவிட்டுக் காலை நனைக்க விடாமல் அழைத்துவந்தால், அன்னையார்க்கு நிம்மதி. ஆனால் அப்பிள்ளைகள் வளர்ந்தபின் எங்கேனும் ஒரு கரையில் யாருடைய துணையும் இன்றி இறங்குவர். அன்று அவர்களுக்கு ஒன்றுமே தெரிந்திராது. இதனை எண்ணி நான் முடிவு செய்தேன்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. முதிய மீனவர் ஒருவர் கரையிலமர்ந்து வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார். பெரியப்பாவுக்குப் பழக்கமானவர். இறங்கத்தக்க இடத்தைக் காட்டுமாறு வேண்டினோம். அவர் உடனே காட்டவில்லை. சற்றுநேரம் கடலையே நோக்கினார். பிள்ளைகள் ஆசையுடன் சுட்டிய இடத்தில் அலை உடையாமல் நீர் அமைதியாக இருந்தது. "அங்கே வேண்டாம், கண்ணு. அலை உடையாத இடத்தில் நீர் உள்ளே இழுக்கும். இழுத்தால் கரையை நோக்கி நீந்திக் களைக்கக்கூடாது, பக்கவாட்டில் போக வேண்டும்" என்றார். பின்பு அவரே எழுந்து, வேறோர் இடத்துக்கு எங்களை நடத்திச் சென்றார்.

முழங்கால் அளவு நீரில் நின்றோம். மகள் ஒரு கையால் என்னையும் மறு கையால் பெரியப்பாவையும் பற்றியிருந்தாள். முதல் அலைக்கு அலறினாள். நான்காம் அலைக்குச் சிரித்தாள். அலை மீளும்போது காலடி மணல் நழுவுவதை, "கடல் என் காலைத் திருடுகிறது" என்றாள். என் மனைவி கரையில் நின்று எங்கள் மூவரையும் மாறி மாறி எண்ணிக்கொண்டிருந்தார். மகனோ பெரியம்மாவின் அருகே நின்று, நீர் திரும்பிச் செல்கின்றதா என்று ஒவ்வோர் அலையையும் கவனித்துவிட்டே பின்பு இறங்கினான்.

ஊர் திரும்பியதும் இருவரையும் நீச்சற் பயிற்சிக்குச் சேர்த்துள்ளேன். மகள் பாவாடை சட்டையோடும் காலணியோடும் நீந்துவேன் என்று அடம்பிடிக்கின்றாள். பயிற்சியாளர் இன்னும் இசையவில்லை.