வாசற்படியோடு முடியும் சப்பாத்து

கால் பிரளுவதற்குக் குழியோ கல்லோ வேண்டும் என்று நினைப்பவர்கள் இறுக்கமான மூட்டோடு பிறந்தவர்கள். எனக்குச் சமதரையே போதும். பெரியநீலாவணையில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் கொங்கிரீட் முடிந்து மணல் தொடங்கும் ஒரு விளிம்பு இருக்கும். பாதத்தின் உட்பக்கம் கொங்கிரீட்டில் நிற்க, வெளிப்பக்கம் மணலில் புதையும். மற்றவர்களுக்குக் கரண்டைக்கால் அந்த நொடியில் தானாகப் பிடித்துக்கொள்ளும். எனக்குப் பிடிக்காது. பாதம் உள்ளே மடிய, உடம்பின் பாரம் அவ்வளவும் வெளிக்கரண்டையில் இறங்கும்.

சின்ன வயதில் இது ஒரு வித்தை. பெருவிரலை வளைத்து முன்கையில் முட்டவைப்பேன். முழங்கையைப் பின்பக்கமாக வளைப்பேன். பெருநாளைக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகள் "இன்னொருக்காச் செய்யுங்க" என்று சுற்றி நிற்பார்கள். கால் பிரண்டால் மட்டும் ஏச்சு. "கீழ பார்த்து நடக்க ஏலாதா புள்ள?" என்பா உம்மம்மா. பிறகு சுளுக்குப் பார்க்கிறவரிடம் கூட்டிப்போவா. அவர் எண்ணெய் தடவி, உருவி, ஓர் இழுவை இழுப்பார். நல்ல மனிதர், காசும் கொடுத்ததை வாங்கிக்கொள்வார். ஆனால் எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார் எனக்கு ஏற்கெனவே தளர்வு. புதிதாகக் கிழிந்து வீங்கிய இடத்தை மேலும் இழுப்பது யாருக்குமே கூடாது. என்னைப் போன்றவர்களுக்கு அறவே கூடாது.

இந்தத் தளர்வை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. பீட்டர் பெய்ட்டன் என்ற மருத்துவர் 1973இல் ஆபிரிக்காவில் ஊர் மக்களை ஆராய்ந்து பயன்படுத்தியது. மொத்தம் 9 புள்ளி. இரண்டு சின்னிவிரல், இரண்டு பெருவிரல், இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், கடைசியாக முழங்காலை மடிக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைப்பது. வளர்ந்தவர்களுக்கு 5 அல்லது அதற்கு மேல் வந்தால் தளர்மூட்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி வளைகிற எல்லோரும் நோயாளிகள் அல்ல. கொலாஜன் என்ற புரதத்தின் கோளாறால் வரும் ஏலர்ஸ்-டான்லோஸ் நோய்த்தொகுதி வேறு. அதிலேயே 13 வகையை 2017இல் பிரித்திருக்கிறார்கள். வளைவதோடு வலியும், மூட்டு அடிக்கடி நழுவுவதும் சேர்ந்தால் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். என்னைப் படுத்தி எடுக்கும் கரண்டைக்கால் அந்த 9 புள்ளியில் எங்கேயும் இல்லை என்பது எனக்கு இன்னும் ஒரு மனக்குறைதான்.

கல்முனைப் பாமசிகளில் கேட்டால் முதலில் எடுத்துத் தருவது இழுபடும் துணி உறை. சூடாக இருக்கும், காலை ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும், பிரளுவதைத் தடுக்காது. அடுத்தது, கயிறு கட்டி, அதற்கு மேலே இரண்டு பட்டிகளைப் பாதத்துக்கு அடியால் எட்டுப் போலச் சுற்றி ஒட்டுவது. மூன்றாவதில் இரு பக்கமும் கெட்டிப் பிளாஸ்டிக் தட்டு உண்டு. பாதம் மேலும் கீழும் அசையும், பக்கவாட்டில் மடியாது. காவல் என்றால் அதுதான் காவல். கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்ததும் விசயம் விளங்கிவிட்டது: விளையாட்டுச் சப்பாத்துக்குள் இறுக்கி இருந்தது அந்தக் கால். காலையில் சப்பாத்தைக் கட்டி இரவில் கழற்றுகிற மனிதருக்காகச் செய்த சாமான் அது.

நாம் ஒரு நாளைக்கு எத்தனை வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம்! சொந்த வீடு, பக்கத்து வீடு, ஓதல் நடக்கும் வீடு, ஜனாஸா வீடு, பள்ளிவாசல். அயலில் தமிழ் ஆக்களின் வீட்டுக்குப் போனாலும் கோயில் வாசலுக்குப் போனாலும் இதே சட்டம். செருப்பு வாசற்படியோடு நின்றுவிடும், கரண்டைக்கால்தான் உள்ளே வரவேண்டும். வழுக்கும் டைல்ஸ் தரையும் உள்ளேதான் இருக்கிறது.

தொழுகைக்கு முன் செய்யும் வுழு வேறு. கரண்டை வரை கால் கழுவ வேண்டும். தோல் காலுறை அணிந்தவருக்கு அதன்மேல் ஈரக்கையால் தடவும் சலுகை உண்டு. ஊரில் இருப்பவருக்கு ஒரு நாள், பயணிக்கு மூன்று நாள். என் பிளாஸ்டிக் தட்டு அதற்குள் வருமா என்று தெரிந்த மௌலவி ஒருவரிடம் கேட்டேன். "கழற்றினால் காலுக்குத் தீங்கு வருமா?" என்றார். வராது. "அப்ப கழற்றிக் கழுவுங்க." வாதாட ஒன்றுமில்லை. ஐந்து வேளையும் கழற்றிக் கட்டுவது என்றால் கயிறு சரிவராது, ஒட்டுப்பட்டிதான் சரி. ஆனால் ஒட்டுப்பட்டிக்கு நம் மணல் எதிரி. பொடி மணலும் தும்பும் கொக்கிகளில் அடைந்து, சில வாரத்தில் பிடிமானம் போய்விடும். பழைய பல் தூரிகையால் வெள்ளிக்கிழமை தோறும் வாரி எடுக்கிறேன்.

இந்த வாசற்படிப் பிரச்சினையை இருவர் முன்பே யோசித்திருக்கிறார்கள். 1968இல் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து செய்த ரப்பர்க் கால். மேல்நாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துக்குள் மறைந்திருக்கச் செய்தது; குந்தி இருக்கவும், சப்பணம் கூட்டவும், வெறுங்காலோடு வயலில் இறங்கவும் அது உதவவில்லை. அதனால் இவர்கள் பாதத்தையே பாதம் மாதிரி வார்த்தார்கள். யுத்த காலத்தில் அது நம் நாட்டுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் தொடங்கியது. காலை இழந்தவருக்குக் கிடைத்த அந்த யோசனை, கால் இருந்தும் நிற்காதவருக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றே எனக்குப் படுகிறது. வீட்டுக்குள் வெறுங்காலில் போடத்தக்க, ஈரம் பட்டாலும் உடனே காயும் ஒரு கரண்டைக் கட்டு இதுவரை என் கண்ணில் படவில்லை.

அதனால் பொழுதைப் பிரித்துக்கொண்டேன். கட்டு வெளியே போகும் நேரத்துக்கு மட்டும்: பஸ், சந்தை, மணல் ஒழுங்கை. அபாயா அதை மறைத்துவிடுகிறது. அதே அபாயாவின் விளிம்பு காலில் தட்டாமல் ஒரு விரலளவு உயர்த்தித் தைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் தசைதான் காவல். பிசியோதெரபி சொல்லித்தந்த மிஸ் ரப்பர்ப் பட்டி வாங்கச் சொன்னா. நான் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கதவு நிலையில் கட்டினேன். அதில் பாதத்தை மாட்டி வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். சோறு கொதிக்கும் வரை சுவரைப் பிடிக்காமல் ஒற்றைக்காலில் நிற்பது இன்னொன்று. நார் தளர்ந்தவருக்குக் கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போகாது. நிற்கப் பழகப் பழக அது கூர்மையாகிறது.

சப்பாத்துக் கடையில் பெண்கள் பக்கம் எனக்கு ஒன்றும் இல்லை. குதிப்பக்கம் திறந்தவை, அடி மெல்லியவை, பெருநாளுக்கு முன் என்றால் கல் பதித்தவை. நான் பார்ப்பது மூன்று. குதியைச் சுற்றி நிற்கும் பின்சுவரைப் பெருவிரலால் அழுத்தினால் மசியக் கூடாது. இரு முனையையும் பிடித்து முறுக்கினால் ஈரத்துணி போல் முறுக்குப்படக் கூடாது. மடிந்தால் விரல் மடியும் இடத்தில்தான் மடியவேண்டும், நடுவில் அல்ல. இந்த மூன்றும் பொருந்தியது பள்ளிக்கூடப் பையன்களின் கறுப்புச் சப்பாத்து ஒன்றில்தான். "டீச்சர், இது ஆம்பிளப் புள்ளையள் போடுறது" என்றான் கடைத்தம்பி, நான் பார்க்காமல் எடுத்துவிட்டேன் என்று நினைத்து. அளவு சொன்னேன்.

செருப்புக்கு வழி, பஸ் நிலையத்துக்குக் கிட்ட குடைக்குக் கீழ் இருந்து தைக்கிறவர். தடித்த அடி உள்ள ஒரு செருப்பைக் கொடுத்து, குதிக்குப் பின்னால் வார் வைக்கச் சொன்னேன். காலை வாங்கிப் பார்த்தார், நடந்து காட்டச் சொன்னார், பிறகு வெளிப்பக்க அடியில் ரப்பர்த் துண்டு ஒன்றைத் தன் எண்ணத்துக்கே சேர்த்து ஒட்டினார். வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் செருப்பையே வைத்தியத்தின் பகுதியாக்கியவர். இந்த மனிதருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை. வெளிப்பக்கம் கொஞ்சம் உயர்ந்ததும் கால் உள்ளே மடிவது குறைந்தது.

தாத்தாவின், அதாவது என் மூத்த சகோதரியின், மகளுக்கும் பெருவிரல் முன்கையைத் தொடுகிறது. இது குடும்பத்தில் ஓடும். வருகிற தவணைக்குச் சப்பாத்து வாங்கும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை கேட்பது பூப்போட்ட செருப்பு. தாத்தா இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறா.