கை கழுவச் சொன்னோம்!

புளியந்தோப்பிலே ஒரு பள்ளி. பெயர் வேண்டாம், அதைப் போன்றவை பல உண்டு. சென்ற ஆண்டு தோழர் இருவருடன் அங்கே சென்றோம். கையிலே சோப்புக் கட்டிகள், படம் வரைந்த அட்டைகள். நெஞ்சிலே, நல்லது செய்யப் போகிறோம் என்ற பெருமிதம்!

நாற்பது பிள்ளைகள் எதிரே அமர்ந்திருந்தனர். நோயைத் தருவது கிருமி, அம்மன் கோபமல்ல என்றோம். உண்ணுமுன்னும், மலங்கழித்த பின்னும், சோப்பிட்டு 20 விநாடி கை கழுவுங்கள் என்றோம். பேசி முடித்ததும் ஒரு சிறுமி எழுந்தாள்.

"கொழாய்ல தண்ணி வந்தாத்தானே சார் கழுவ முடியும்?"

வகுப்பே சிரித்தது. நம்மால் சிரிக்க முடியவில்லை. வெளியே சென்று குழாயைத் திருகினோம். காற்று வந்தது, நீர் வரவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவரும் ஒரு புட்டித் தண்ணீரை அந்தப் பிள்ளை குடிப்பதா, கையில் ஊற்றுவதா? இதற்கு விடை நம் அட்டைகளில் இல்லை.

தோழர்களே! புளியந்தோப்பு நமக்குப் புதிய ஊரன்று. பிறந்து வளர்ந்த மண். ஆலைச் சங்கின் ஒலி கேட்டுக் கண்விழித்த பிள்ளைகளில் நாமும் ஒருவர். 1969-ஆம் ஆண்டு. நமக்கு வயது ஒன்பது, தங்கைக்கு நான்கு. அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. "தண்ணீர் கொடுத்தால் பேதி பெருகும், கொடுக்காதே" என்றனர் பெரியவர்கள். அம்மா கூழ் வார்ப்பதாக வேண்டிக்கொண்டு, நெற்றியிலே திருநீறு பூசினார். நள்ளிரவில் தங்கை நம் கையைப் பற்றி, "அண்ணா, தண்ணி" என்றாள். பானை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. நாம் கொடுக்கவில்லை. பெரியவர் சொல்லைத் தட்டாத நல்ல பிள்ளையல்லவா நாம்! பொழுது விடிந்தது, தங்கை இல்லை.

யார்மீது குற்றம்? கையெழுத்துப் போடவும் அறியாத அன்னை மீதா? பேதியில் உயிரைக் குடிப்பது, உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்புமே. அவற்றைத் திரும்பக் கொடுத்தால் பிள்ளை பிழைக்கும் என்பதை அவருக்கு யார் சொன்னார்கள்? அடுத்த இரண்டே ஆண்டில், 1971-இல், வங்கப் போரால் அகதிகள் குவிந்த பொங்காவ் முகாமிலே, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழி புகட்டி, காலரா கண்டோரை ஆயிரக்கணக்கில் காப்பாற்றினார். காய்ச்சி ஆறவைத்த நீர் ஒரு லிட்டர், தலைதட்டிய சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. மந்திரமில்லை, மாயமில்லை, அடுக்களையில் உள்ள பொருள்!

அந்தக் கிருமி பழங்கதையாகவும் போய்விடவில்லை. 1992-இன் இறுதியில், அதுவரை உலகம் கண்டிராத ஓ139 என்னும் புதுவகைக் காலரா முதலில் வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று இதே சென்னை. குழாயில் நீர் நின்றுபோகும்போது உள்ளழுத்தம் குறைகிறது. வெடிப்பு வழியே அருகிலுள்ள சாக்கடை உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஆகவே விட்டுவிட்டு வரும் தண்ணீர், குறையும் தண்ணீர் மட்டுமன்று, கெடும் தண்ணீருமாகும். கிருமிக்குக் குலம் தெரியாது, கோத்திரம் தெரியாது, குழாய் தெரியும்!

நம் நாட்டார்க்குத் தூய்மையில் பற்றில்லை என்று சொல்ல முடியுமா? மடி என்றும், தீட்டு என்றும் நூறு விதி வகுத்தனர். ஆனால் அந்த விதிகள் மனிதனை விலக்கின, மலத்தை விலக்கவில்லை. சாக்கடையை அள்ளியவனைத் தீண்டாதே என்றனர். அள்ளிய கைக்குச் சோப்புக் கொடுக்கவில்லை. தீட்டு சாதி பார்ப்பது; தூய்மை கிருமியைப் பார்ப்பது. இந்த வேற்றுமையைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவதே சுகாதாரக் கல்வியின் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் நமக்கு. 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு உணவளிக்க முடிவு செய்தது. பசித்து வந்த பிள்ளையிடம், "நன்றாகச் சாப்பிடு, உடல் வளரும்" என்று அறிவுரை கூறி அனுப்பவில்லை, உண்டி கொடுத்தது! 1956-இல் காமராசர் அதை மாநிலமெங்கும் விரித்தார். 2022-இல் காலை உணவும் வந்தது. தட்டு வந்துவிட்டது. தட்டில் வைக்கும் கைக்கு நீர் வர வேண்டாமா?

அந்தச் சிறுமியின் கேள்வியைத் தாளில் எழுதி, பெற்றோரிடம் கையொப்பமும் கைநாட்டும் பெற்று, உரிய அலுவலகத்தின் படியேறினோம். மூன்று முறை "நாளை" என்றனர். நான்காம் முறை தாய்மார் முப்பது பேர் உடன் வந்தனர். அடுத்த மாதம் பள்ளியிலே தொட்டி வைக்கப்பட்டது. வாரத்தில் மூன்று நாள் நிரம்புகிறது. மற்ற நாள்களுக்காக அடுத்த மனு எழுதப்பட்டுவிட்டது. எழுதியவள் அந்தச் சிறுமியே!

தோழர்களே! சுகாதாரம் பேசப் பள்ளிக்குப் போகிறீர்களா? போங்கள். ஆனால் வாய் திறக்குமுன் குழாயைத் திறந்து பாருங்கள். வரவில்லையெனில், முதற்சொற்பொழிவை அலுவலகத்தில் நிகழ்த்துங்கள். ஏழைப் பிள்ளைகளைச் சமுதாயம் கை கழுவிவிட்டு, அவர்களைப் பார்த்தே கை கழுவச் சொல்வது முறையாகாது.

அன்று நாம் கொடுக்காத ஒரு குவளை நீர், இனி எந்த வீட்டிலும் எந்தத் தங்கைக்கும் மறுக்கப்படலாகாது.