சாய்ஸ்ல விட்ட தாத்தா!

“இதெல்லாம் ஓல்டு சிலபஸ் மச்சி... வேலைக்கு ஆகாது!”

பரீட்சைக்கு முந்தின ராத்திரி இந்த டயலாக்கை விடாதவங்க யாராவது இருக்கீங்களா? நானும் விட்டிருக்கேன். கம்யூனிகேஷன் புத்தகத்தின் ஒரு மூலையில் ‘அலெக்ஸாண்டர்சன் ஆல்டர்னேட்டர்’ என்று நாலு வரி. கூசாமல் சாய்ஸில் விட்டேன். பல வருஷம் கழித்து அதன் கதை தெரிந்தபோது, நிஜமாவே வெட்கமாப் போச்சு. அந்தக் கதையை நீங்களும் கேளுங்க.

ஸ்வீடனின் தென்மேற்குக் கரையோரம் கிரிமெட்டன் என்று ஒரு கிராமம். சுற்றிலும் வயல்கள். நடுவில் வரிசையாக ஆறு இரும்புக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் 127 மீட்டர் உயரம். கிராமத்துக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ரேடியோ நிலையம்னு கேக்கறீங்களா?

முதல் உலகப் போரில் கடலடித் தந்திக் கம்பிகள் துண்டிக்கப்பட்டன. அடுத்தவன் கம்பியை நம்பினால் அம்போதான் என்பது ஸ்வீடனுக்குப் புரிந்தது. பிழைப்புக்காக அமெரிக்கா போன ஸ்வீடன்காரர்களோ பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களோடு பேச ஒரு வழி வேணுமே! கிரிமெட்டனிலிருந்து நியூயார்க் பக்கம் போகும் அலைகளுக்குப் பெரும்பாலும் கடல்தான் பாதை. அதனால் இந்தக் கிராமத்துக்கு அடித்தது யோகம். 1924 டிசம்பரில் வேலை தொடங்கியது. 1925 ஜூலையில் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் முறைப்படி திறந்து வைத்தார்.

உள்ளே இருந்த இயந்திரத்தை வடிவமைத்தவர் எர்ன்ஸ்ட் அலெக்ஸாண்டர்சன். இவரும் ஸ்வீடனிலிருந்து அமெரிக்கா போனவர்தான். அலையை உண்டாக்க இதில் வால்வு கிடையாது, டிரான்சிஸ்டர் கிடையாது. விளிம்பில் 488 பள்ளங்கள் வெட்டிய ஒரு பிரமாண்ட இரும்புச் சக்கரம் நிமிஷத்துக்கு 2,115 தடவை சுற்றும். அவ்வளவுதான்! கால்குலேட்டரை எடுங்க. 488-ஐ 2,115-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால்..? சுமார் 17,200. அதாவது 17.2 கிலோஹெர்ட்ஸ். சக்கரம் சுற்றுகிற வேகமே ரேடியோ அலையாக மாறி அட்லாண்டிக்கைத் தாண்டியது.

ஆனா பாவம், பிறந்த கொஞ்ச நாளிலேயே இதுவும் ‘ஓல்டு சிலபஸ்’ ஆகிவிட்டது! குறைந்த மின்சாரத்தில் அதே தூரம் போகும் சிற்றலை வந்துவிட்டது. இதே மாதிரி இயந்திரங்கள் பல நாடுகளில் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. கிரிமெட்டனில் இருந்த இரண்டில்கூட ஒன்று போய்விட்டது.

மிச்சமிருந்த ஒன்று எப்படித் தப்பித்தது தெரியுமா? எந்த நெட்டலையை ‘பழசு’ என்று ஒதுக்கினார்களோ, அதுதான் கடல்நீருக்குள்ளும் கொஞ்சம் ஆழம் இறங்கும். சிற்றலையால் அது முடியாது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப ஸ்வீடன் கடற்படைக்கு இந்த நிலையம் தேவைப்பட்டது. 1990-களின் நடுவில் அந்த வேலையும் முடிந்தது. அப்போதும் அதை நேசித்தவர்கள் உடைக்க விடவில்லை. 2004-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த வகையில் இன்றைக்கும் ஓடுகிற நிலையில் இருப்பது உலகத்திலேயே இது ஒன்றுதான்.

பெரும்பாலும் ஜூலைத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறும், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் தாத்தாவைத் தட்டி எழுப்புவார்கள். ‘எஸ்.ஏ.க்யூ’ என்ற தன் பழைய பெயரை மோர்ஸில் சொல்லி, உலகத்துக்கு ஒரு செய்தி அனுப்புவார். ஐரோப்பாவில் பல பேர் அதை எப்படிப் பிடிக்கிறார்கள் தெரியுமா? கம்ப்யூட்டரின் மைக் துளையில் நீளமான ஒயரைச் செருகி! 17.2 கிலோஹெர்ட்ஸை சவுண்ட் கார்டே வாங்கிக்கொள்ளுமே!

நானும் ஒரு ஒலிப்பதிவில் கேட்டேன். டிட்... டிட்... டிட்... நான் சாய்ஸில் விட்ட அந்த நாலு வரி, நூறு வயசில் பேசிக்கிட்டு இருந்துச்சு.

அடுத்த தடவை ஒரு பக்கத்தை ‘பழசு’ன்னு புரட்டித் தள்ளறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை படிச்சுப் பாருங்க பாஸ்!