கடப்படி

வாப்பா கவி சேகரித்தவர். 1979 முதல் 1983 வரை வயல்களிலும் கல்யாண வீடுகளிலும் எமது ஊர்ப் பெண்கள் பாடிய கவிகளை 117 கசட்டுகளில் பதிந்து வைத்தார். எதிலும் பாடியவரின் பெயர் இல்லை. அந்தக் குரல்களை அறிந்தவர் இன்று ஒருவர்தான். ரெக்கோடரைச் சுமந்துகொண்டு வாப்பாவின் பின்னால் திரிந்த மூத்த காக்கா. என்னிலும் பத்தொன்பது வயது கூடியவர். இப்போது லண்டனில் மகளோடு இருக்கிறார். இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் அவருக்குப் பயணம் ஆகாது.

சென்ற டிசம்பர் விடுமுறையில் கசட்டுகள் முழுவதையும் பழைய கணனி ஒன்றில் ஏற்றி முடித்தேன். வட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாய் அனுப்பிப் பார்த்தோம். மூன்றாவதிலேயே எந்தப் பெயர் எந்தப் பாட்டுக்கு என்பது குழம்பிவிட்டது. காக்காவே அந்தக் கணனிக்குள் வந்து கேட்டு, பாட்டின் பக்கத்திலேயே பெயரை எழுதுவதுதான் வழி.

வீட்டுக்குள் அதன் முகவரி 192.168.1.20. இந்த இலக்கம் வெளியே செல்லாது. உலகமெங்கும் வீடுகளுக்குள் இதே வரிசைதான் புழங்குகிறது. வெளியிலிருந்து வருபவரை இந்தக் கணனிக்கு அனுப்பும்படி ரவுட்டரில் விதி எழுத வேண்டும். போர்ட் ஃபோர்வர்டிங் என்பார்கள். எழுதினேன்.

"தம்பி, ஒண்டும் தெறக்குதில்லடா."

தேடிப் பார்த்தால், முதல்நாள் மின்சாரம் போய் வந்ததில் ரவுட்டர் கணனிக்கு 192.168.1.23 என்று புது இலக்கம் கொடுத்திருந்தது. விதியோ ஆளில்லாத பழைய இலக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இலக்கம் மாறாதபடி ரவுட்டரிலேயே ஒதுக்கி வைத்தேன். வைஃபையை அணைத்து, கைத்தொலைபேசி டேட்டாவில் வெளியாள் போல் தட்டிப் பார்த்தேன். அப்போதும் திறக்கவில்லை.

பொறுமையிழந்து, வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் அந்தக் கணனிக்கே அனுப்பும் டீ.எம்.இஸட் வசதியை ஓர் இரவு முழுக்கத் திறந்து விட்டேன். காலையில் மகன் கண்டுவிட்டான்.

"என்ன வாப்பா செஞ்சிருக்கீங்க? 2017 இல வனாக்ரை பரவினது இப்பிடித் தெறந்து கெடந்த 445 ஆம் போர்ட்டாலதான்."

அவன்தான் இரண்டு இலக்கங்களை ஒப்பிடச் சொன்னான். ரவுட்டர் தனது வெளிமுகவரி என்று காட்டியது 100.72 இல் தொடங்கியது. இணையத்தில் பார்த்தால் எமது முகவரி வேறொன்று. விசயம் அங்கேதான் இருந்தது. பழைய முறையில் உலகிலுள்ள முகவரிகள் ஏறத்தாழ 430 கோடிதான். அவை போதாமல் போய்விட்டன. ஆகவே இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. 100.64 முதல் 100.127 வரையான வரிசை 2012 இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒரு வளவுக்குள் பல வீடுகள், தெருவுக்கு ஒரே கடப்படி. காக்கா தட்டியது அந்தக் கடப்படியை. எங்கள் வீட்டுக் கதவை நான் எப்படித் திறந்து வைத்தும் அந்தச் சத்தம் இங்கு வந்து சேராது. நான் திட்டித் தீர்த்த அதே கடப்படிதான் அந்த இரவில் எங்களைக் காத்தும் இருக்கிறது.

எழுதிய விதிகள் எல்லாவற்றையும் அழித்தோம். இரு பக்கமும் டெயில்ஸ்கேல் மென்பொருளைப் போட்டோம். இதில் உள்ளே வருவதற்கென்று எந்தக் கதவும் திறப்பதில்லை. இரண்டு கணனிகளும் தாமே வெளியே போய்ச் சந்தித்துக்கொள்கின்றன. நாம் அனுமதித்தவர் மட்டும் வரலாம்.

இங்கு இரவு ஒன்பது, அங்கு பின்னேரம் மூன்றரை. காக்கா கேட்கக் கேட்க, பாட்டுகளின் பக்கத்தில் பெயர்கள் விழத் தொடங்கின. 41 ஆவது கசட்டில் எதுவும் எழுதாமல் நெடுநேரம் இருந்தார். பின்பு தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, இது ஆரெண்டு தெரியுதா ஒனக்கு?"

"தெரியா காக்கா."

"உம்மாடா."

உம்மா மௌத்தாகும்போது எனக்கு இரண்டு வயது. அவர் கவி பாடுவார் என்பதையே அன்றுதான் அறிந்தேன். இன்னும் 76 கசட்டுகள் இருக்கின்றன. காக்கா தினமும் வருகிறார்.