கழுத்தறிந்து களைதல்

கல்முனைக் கரையோர ஊர்களுக்கு மேற்கே விரிந்த வட்டைகளில் மாரிப்போக விதைப்பு முடிந்து மூன்று வாரமானால், வயல் முழுதும் ஒரே பசுமையாய்த் தோன்றும். அதில் எது நெல், எது நெற்சப்பி என வரம்பில் நின்று பிரித்துரைத்தல் எளிதன்று. நாற்று நட்ட வயலாயின் வரிசைக்குப் புறம்பே நிற்பதைப் பிடுங்கிவிடலாம். இங்கோ வீசி விதைப்பதே பெருவழக்கு.

“இலையப் பாக்காத மகன், கழுத்தப் பாரு” என்பார் வயலில் மூத்த முல்லைக்காரர். இலை, தண்டைத் தழுவிய உறையோடு சேருமிடமே அவர் கூறும் கழுத்து. நெல்லுக்கு அவ்விடத்தில் மெல்லிய சவ்வாலான சிறுநாவும், மயிரடர்ந்த இரு செவிகளும் உண்டு. நெற்சப்பிக்கு இரண்டுமில்லை; கழுத்து மொட்டையாய் இருக்கும். தாவரவியல் மாணவன் உருப்பெருக்கியின் கீழ்க் காண்பதும் இதனையே. அடித்தண்டின் செம்மை, நடுநரம்பின் வெண்மை எனப் பிற குறிகளையும் சிலர் சொல்வர். அவற்றை முற்றாக நம்புதல் தகாது. சில நெல்லினங்களின் அடியும் செந்நிறமே.

இவ்வொப்புமை தற்செயலானதன்று. நெல்லை ஒவ்வாத புல்லைக் கண்டு பிடுங்கிய கை, ஒத்ததைத் தப்பவிட்டது. தப்பியதே விதை சிந்தியது. ரஷ்ய அறிஞர் வவிலோவின் பெயரால் இதனை வழங்குவர். சீனத்து யாங்சிப் படுகையில் இப்போலியுருவம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியதென 2019இல் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டிற்று. களையெடுத்தவனே களைக்கு வேடம் தைத்துக் கொடுத்தான் போலும்!

பின்னர் வந்தது புரோப்பனில் என்னும் களைநாசினி. அதனைச் சிதைக்கும் நொதி நெல்லில் உண்டு. ஆதலின் நெல் பிழைத்தது, புல் கருகியது. ஆயினும், அம்மருந்துக்கு அடங்காத நெற்சப்பி பின்னாளில் இலங்கையிலும் அறியப்பட்டது. பல நாடுகளில் அது அதே நொதியைப் பெருக்கியே தப்பியது. புறத்தில் நெல்லை ஒத்தது போதாதென்று அகத்திலும் ஒத்துக்கொண்டது.

மருந்து வந்தபின், வயலில் குனிந்து கழுத்துப் பார்த்த பெண்களுக்கு வேலை குறைந்தது. அவர்தம் பிள்ளைகள் அக்குறியை அறியாமலே தெளிகருவியைத் தோளில் ஏற்றினர். தெளித்தும் மடியாதது கதிர் தள்ளும்போதுதான் அவர்கள் கண்ணுக்குப் புலனாகிறது. அப்போது வேர் நெல்லின் வேரோடு பின்னிக் கிடக்கும். பிடுங்கினால் நெல்லும் கூடவே வரும். விட்டாலோ, அறுவடைக்கு முன்பே அதன் மணி உதிர்ந்து அடுத்த போகத்துக்கு மண்ணில் சேர்ந்துவிடும்.