அண்ணனுக்கு ஒரு மூலினே

2023 மே மாதம் பிரான்சில் அண்ணன் வீட்டில் ஐந்து வாரம் தங்கியிருந்தேன். அங்கே அவருக்காக நான் வாங்கிய ஒரு பொருளைப் பற்றி இன்று எழுதுகிறேன். பொருள் சின்னது. ஆனால் வாங்குவதற்கு நான் பட்ட பாடு சின்னதல்ல.

அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவர். நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையான நானும் அவரோடு இந்தியனானேன். பத்தொன்பது வயது அண்ணன் மட்டும் தனியாகப் போய் ஒப்சியோன் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு சொல்தாவாகக் கப்பல் ஏறினார்.

என் முதல் கைக்கடிகாரம் அவர் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. தங்கையின் கல்யாணச் செலவில் பாதி அவருடையது. கடிகாரத்தைக் கையில் கட்டியபடி, "என்ன விலைண்ணே?" என்று கேட்டேன். "அதையெல்லாம் கேக்காதடா" என்றார். அறுபது வருடத்தில் நான் அவருக்குக் கொடுத்தது அப்பளமும் மாவடுவும்தான். குமாஸ்தா சம்பளத்தில் பிரான்சில் இருப்பவருக்கு என்ன வாங்கித் தருவது!

ஓய்வுக்குப் பிறகு அண்ணன் பெசான்சோன் நகரில் தங்கிவிட்டார். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் லிசோன் என்ற சிற்றாறு. லூ ஆற்றில் போய்க் கலப்பது. கூழாங்கல் தெரியும் தெளிந்த தண்ணீர், அதில் திரூயித் மீன். ஊட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, ட்ரவுட், அதுதான். மார்ச் இரண்டாவது சனிக்கிழமையிலிருந்து செப்டம்பர் மூன்றாவது ஞாயிறு வரைதான் அதைப் பிடிக்கலாம். அதற்கும் ஆண்டுதோறும் பணம் கட்டி அட்டை வாங்க வேண்டும்.

பிடிக்கிற முறை நம் மண்புழுத் தூண்டில் போல இல்லை. இறகையும் முடியையும் முள்ளில் கட்டி ஈ மாதிரி செய்கிறார்கள். அந்த ஈக்கு எடையே கிடையாது. எடை கயிற்றில் இருக்கிறது. முன்னும் பின்னும் கழியை வீசினால் கயிறு காற்றில் விரிந்து ஈயைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைக்கும். கயிற்றின் பெயர் சுவா, அதாவது பட்டு. அந்தக் காலத்தில் பட்டிலேயே செய்தார்களாம். இப்போது பிளாஸ்டிக் பூச்சு, பெயர் மட்டும் மாறவில்லை. கயிற்றைச் சுற்றி வைக்கிற சக்கரம் மூலினே. மூலேன் என்றால் மாவு அரைக்கும் ஆலை, மூலினே குட்டி ஆலை. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு எனக்கு இந்த அளவுக்காவது உதவியது.

எண்பதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் அண்ணனுக்கு மெல்லிய கழி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஏழரை அடி, 3 நம்பர். நம்பர் கயிற்றின் எடையைக் குறிக்கும். 3 நம்பர் கயிற்றின் முன்பகுதி 30 அடிக்கு ஏறக்குறைய ஆறரை கிராம்தான். அந்தக் கழியில் அவர் தன் பழைய மூலினேயை மாட்டியிருந்தார். உள்ளே வில் வைத்துத் தானே சுற்றிக்கொள்ளும் வகை, கால் கிலோ இருக்கும். அரை மணி நேரம் வீசியதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். "இந்த வருஷத்தோட அட்டை எடுக்கிறத நிறுத்திடலாம்னு பாக்கறேன் தம்பி" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தூண்டில் கடைக்குப் போனேன். என் கணக்கு நூறு யூரோ, அன்றைய மதிப்பில் சுமார் ஒன்பதாயிரம் ரூபாய். அலுவலகத்தில் பல வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். மூன்று விலைப்புள்ளி வாங்காமல் ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை. விதி இதுதான்: தேவையை முதலில் எழுது, அதற்குப் பொருந்துகிறவற்றில் விலை குறைந்ததை எடு. வெறுமனே விலை குறைந்தது என்றால் ஏமாந்துபோவோம்.

முதலாவது, முழு அலுமினியத்தைக் கடைந்து செய்தது, உள்ளே தண்ணீர் புகாத பிரேக், இருநூறு யூரோவுக்கு மேல். கடைக்காரப் பையன் நேர்மையானவன். "இந்த பிரேக் கடல் மீனுக்கும் சால்மனுக்கும் வேண்டும் மெஸ்யே. சின்ன ஆற்றுத் திரூயித்தை இடது கையால் கயிற்றை இழுத்தே கரைக்குக் கொண்டுவந்துவிடலாம். 3 நம்பர் கழிக்கு மூலினே என்பது கயிறு வைக்கிற டப்பா" என்றான்.

இரண்டாவது இருபத்தைந்து யூரோ. உருளைக்கும் கூட்டுக்கும் நடுவே என் நகம் நுழைந்தது. முனையில் கட்டுகிற நரம்பு தலைமுடி மாதிரி இருக்கும். அது இடுக்கில் சிக்கினால் அன்றைய வேலை கெட்டது. தள்ளிவிட்டேன்.

மூன்றாவது ஐம்பத்திரண்டு யூரோ. வார்ப்பு அலுமினியம். பல்சக்கரத்தில் ஒரு சின்ன நாக்கு தட்டிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் பிரேக். இடுக்கு இல்லை. கைப்பிடியை இடது பக்கம் மாற்றிக்கொள்ளலாம். அண்ணன் வலது கையால் வீசுகிறவர், அது அவசியம். கயிறும் அதன் அடியில் ஐம்பது மீட்டர் துணைநூலும் கொள்ளும். அடிநூல் இருந்தால்தான் உருளை நிறைந்து, கயிறு சுருள் விழாமல் இருக்குமாம்.

எடை மிகக் குறைந்ததாக வேண்டும் என்றேன். அது தவறு என்றான் பையன். மூலினே ரொம்ப லேசானால் கழியின் நுனி கனத்து, மணிக்கட்டு மேலும் வலிக்கும். கயிறு சுற்றிய மூலினேயைக் கழியில் மாட்டி, தக்கைப் பிடியின் முன்முனையில் ஒரு விரல் வைத்துத் தூக்கினால் தராசு மாதிரி நிற்க வேண்டும். கடையில் இருந்த ஏழரை அடிக் கழி ஒன்றில் மாட்டிக் காட்டினான். நின்றது. மிச்சப் பணத்தில் நல்ல கயிறாக எடுக்கச் சொன்னான். வீசும்போது வேலை செய்வது கயிறுதானே. கயிறு நாற்பத்து நான்கு. மொத்தம் தொண்ணூற்று ஆறு யூரோ.

ஞாயிற்றுக்கிழமை லிசோன் கரையில் அண்ணனிடம் கொடுத்தேன். கழியில் மாட்டினார், விரலில் நிறுத்திப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. தண்ணீரில் இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். நடுவில் கிர்ர்ரென்று நாக்கு தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு சாண் மீன். கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்து, மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

கரையேறியதும், "எவ்வளவுடா ஆச்சு?" என்றார்.

"அதையெல்லாம் கேக்காதண்ணே" என்றேன்.

சிரித்துவிட்டு, மூலினேயைச் சட்டை நுனியால் துடைத்தார். அடுத்த வருடமும் அட்டை எடுத்தார்.