இங்கே எடுக்காது என்று சொன்னேன்

அந்த அம்மாவிடம் நான் தவறான தகவல் சொன்னேன். சொன்ன நேரத்தில் அது தவறு என்று எனக்குத் தெரியாது. மறுநாள் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பீவர் என்றொரு சிற்றூர். அதற்குக் கிழக்கே டஷார் மலைகள். ஒரு ஆகஸ்ட் மாதம் நானும் மனைவியும் வாடகைக்கு எடுத்த மோட்டார் ஹோமில் அந்த மலைக்காட்டு முகாமில் தங்கியிருந்தோம். மின் இணைப்பு கிடையாது. கைபேசியில் ஒரு கோடுகூட வராது. வெளியுலகச் சேதி வேண்டுமென்றால் வண்டிக் கூரையில் மடங்கிக் கிடக்கும் ஆன்டெனாதான் கதி.

ஆன்டெனா எனக்குப் புதிதில்லை. கொடைக்கானல் ஒளிபரப்புக்காக மொட்டைமாடியில் குழாயைத் திருப்பித் திருப்பி, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கீழே கத்திய பிள்ளை நான். பிறகு தொலைத்தொடர்புப் பொறியாளன் ஆனேன். அலைவரிசை விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு இருக்கக் கூடாது என்ற எண்ணம் எப்போது மனத்தில் ஏறி உட்கார்ந்தது என்று தெரியவில்லை.

முதல் நாள் மாலை, வண்டிக்குள் கூரையில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றி ஆன்டெனாவை உயர்த்தினேன். திசை திசையாகத் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் சேனல் தேடவைத்தேன். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் பக்கத்து இடத்தில் பழைய டிரெய்லரோடு தனியாகத் தங்கியிருந்த அம்மா வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் ஊருக்கு அருகே காட்டுத்தீ. தெருவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களா என்று மாலைச் செய்தியில் பார்க்க வேண்டும். தோள்வலியால் தம் ஆன்டெனாவின் கைப்பிடியைச் சுற்ற முடியவில்லை. "உங்களுக்குப் படம் வருகிறதா?" என்று கேட்டார்.

நான் பாடம் நடத்தினேன். சால்ட் லேக் சிட்டி நிலையங்கள் ஃபார்ன்ஸ்வொர்த் சிகரத்திலிருந்து ஒளிபரப்புகின்றன. அது இங்கிருந்து 150 மைலுக்கு மேல். தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. பொதுவாக 60, 70 மைல் தாண்டினால் பூமியின் வளைவே மறைத்துவிடும். போதாததற்குச் சுற்றிலும் மலை. அந்தச் சிகரத்துக்குப் பெயர் கொடுத்த ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த், 1927இல் மின்னணு முறையில் படத்தை அனுப்பிக் காட்டியவர், 1906இல் இதே பீவர் பக்கத்தில்தான் பிறந்தார் என்றுகூடச் சொன்னேன். கடைசியில் தீர்ப்பும் சொன்னேன்: "இங்கே யாருக்கும் எடுக்காது."

நன்றி சொல்லிவிட்டுப் போனார். இருட்டும் நேரத்தில், வளைந்து இறங்கும் மலைப்பாதையில், போன் பேசுவதற்காகப் பீவர்வரை வண்டி ஓட்டிப் போய் வந்தார்.

மறுநாள் மாலையும் அவர் கிளம்பிப் போனார். அப்போது என் மனைவி தொலைக்காட்சிக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டி, "என்னங்க, இந்தச் சின்ன விளக்கு எரியணுமா?" என்று கேட்டாள்.

அது அலையைப் பெருக்கும் பூஸ்டரின் பொத்தான். அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். 12 வோல்ட் மின்சாரம் கேபிள் வழியாகவே மேலேறி ஆன்டெனாவில் இருக்கும் பூஸ்டருக்குப் போகும். அணைந்திருந்தால் பொத்தான் இருக்கும் சுவர்ப் பெட்டி வெளிக் கேபிள் இணைப்புக்கு மாறிக்கொள்ளும். ஆன்டெனா கூரையில் நின்றும் பயனில்லை. இரண்டு நாளாக அது அணைந்தே இருந்தது. அழுத்தினேன். மறுபடி தேடியதும் சேனல்கள் வரிசையாக வந்தன. யூட்டாவின் மலையுச்சிகளில் சிறு மறுஒளிபரப்பு நிலையங்கள் ஏராளம். நகரத்து நிகழ்ச்சியை வாங்கி, வேறு அலைவரிசையில் அடுத்த பள்ளத்தாக்குக்கு அனுப்புவதே அவற்றின் வேலை. அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். முந்தின நாள் பேசும்போது நினைவுக்கு வரவில்லை.

பழைய அனலாக் காலமாக இருந்தால் திரையில் புள்ளி மழைக்குள் ஏதாவது நிழல் ஆடியிருக்கும். எங்கேயோ கோளாறு என்று தேடியிருப்பேன். அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12ஆம் தேதி முழுக்க டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. டிஜிட்டலில் வந்தால் முழுப்படம், இல்லையென்றால் வெறும் திரை. மலை மறைத்தாலும் பொத்தான் அணைந்திருந்தாலும் திரை ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த வெறுமைக்கு நான் மலையைக் காரணமாக்கினேன். என் கை தவறியிருக்கலாம் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தீ பரவும் இடங்களின் வரைபடம், காலி செய்ய வேண்டிய தெருக்களின் பெயர்கள், எல்லாம் வந்தன. அந்த நேரத்தில் அந்த அம்மாவுடைய வண்டியின் வெளிச்சம் எங்கள் ஜன்னலைக் கடந்து போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒலியைக் குறைத்தேன். எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி. காலையில் சொல்கிறேன் என்றேன். அவர் ஆன்டெனாவையும் நானே ஏற்றிக் கொடுத்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் "நேற்று நான் சொன்னது தப்பு, பொத்தானைப் பார்க்கவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே. பொடியனாக மாடியில் நின்ற காலத்திலிருந்து சேர்த்த கெட்டிக்காரப் பெயர், அந்த ஒரு வார்த்தையில் போய்விடும் என்று பயந்தேன். என்னை இன்னாரென்றே அறியாத ஒருவரிடம்.

விடிந்து பார்த்தபோது பக்கத்து இடம் காலி. டிரெய்லர் நின்ற தடம் மட்டும் இருந்தது.

இப்போது முகாம்களில் யாராவது கேட்டால், எடுக்கும் எடுக்காது என்று சொல்வதில்லை. முதலில் அவர்கள் வண்டிச் சுவரில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். இதனால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடாது. சால்ட் லேக்கிலிருந்து மலைக்கு மலை கைமாறி வந்த சேதியை, பக்கத்து டிரெய்லர்வரை முப்பது அடி கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.